கீறல் எங்கே போயிற்று?

கார் பாலிஷ் போடும் கடைகளில் நாள்தோறும் நடக்கும் சம்பாஷணை ஒன்று உண்டு. திருப்பாதிரிப்புலியூரானாலும் சரி, மஞ்சக்குப்பமானாலும் சரி, கடலூர் முதுநகரானாலும் சரி, அதில் அதிகம் மாறுதல் இராது.

"அண்ணே, இந்தக் கோடு போயிடுமா?" என்று கேட்பார் கார்க்காரர்.

"போயிடும் சார். ஒரு பாலிஷ் போட்டா புது வண்டியாட்டம் ஆயிடும்."

"மறுபடியும் வந்துடாதே?"

இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் சற்றுத் தாமதமாக வரும். கடைக்காரர் துணியை உதறுவார். பானெட்டின் பக்கம் சாய்ந்து பார்ப்பார். பிறகு, "தண்ணி அதிகம் படாம பாத்துக்குங்க சார்" என்பார். தண்ணீர் படாமல் ஒரு காரை எப்படி வைத்துக்கொள்வது என்பதை மட்டும் அவர் சொல்லமாட்டார்!

பாலிஷ் கீறலைப் போக்குகிறதா, அல்லது மறைக்கிறதா? கேள்வி சிறியதுதான். ஆனால் கடன் வாங்கிப் பழைய கார் ஒன்றை வாங்கி, அதை வாடகைக்கு ஓட்டிப் பிழைக்க நினைக்கும் ஒருவருக்கு இது சிறிய கேள்வி அல்ல. மேலும், கடற்கரை ஊரில் கார் வைத்திருப்பவருக்கு ஒரு கீறல் வெறும் அழகுக் குறை மாத்திரம் அல்ல. உப்புக் காற்று உள்ளே நுழைய அது ஒரு வாசல். ஆகவே விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகவே பார்ப்போம்.

பத்திரிகைத் தாளைவிட மெல்லியது

கார்மேல் பளபளவென்று தெரியும் வர்ணம் ஒரே பூச்சு என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது நான்கு அடுக்கு. அடியில் இரும்புத் தகடு. தகட்டை ஒரு பெரிய தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி ஏற்றும் துருத் தடுப்புப் பூச்சு முதலாவது. அதன்மேல் பிரைமர். அதற்கும் மேலே வர்ணம். எல்லாவற்றுக்கும் மேலே, கண்ணாடி போல நிறமே இல்லாத ஒரு மேல்பூச்சு. இதைத்தான் பட்டறைகளில் 'கிளியர் கோட்' என்கிறார்கள்.

இந்த நான்கும் சேர்ந்து எவ்வளவு கனம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? புதிய கார் ஒன்றில் சாதாரணமாக 100 முதல் 140 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு செய்தித்தாளின் கனமே சுமார் 70 மைக்ரான் இருக்கும். அப்படியானால் ஒரு காரின் அத்தனை வர்ணமும் சேர்ந்து இரண்டு தாள் கனம். அதிலும் மேலே உள்ள நிறமற்ற பூச்சு 40, 50 மைக்ரான்தான். ஒரு தாள்கூட இல்லை. வெயில், மழை, காக்கை எச்சம், ஊர்ப் பிள்ளைகளின் விரல் சித்திரம் எல்லாவற்றையும் தாங்குவது இந்த முக்கால் தாள்!

கண்ணாடி போலத் தோன்றினாலும் அது கண்ணாடி அல்ல, பிளாஸ்டிக் இனத்தைச் சேர்ந்தது. கண்ணாடியைக் காட்டிலும் மிகவும் மிருதுவானது. பளபளப்பைத் தருவது அது; கீறல் வாங்குவதும் முதலில் அதுதான்.

கடலூர் மணல் செய்யும் வேலை

யார் கீறுகிறார்கள்? பொறாமைக்கார அண்டை வீட்டான், சைக்கிள் ஹாண்டில், முட்செடி என்று பலரையும் குற்றம் சொல்கிறோம். இவர்கள் செய்யும் கீறல் எண்ணிச் சொல்லக்கூடியது. எண்ண முடியாத ஆயிரக்கணக்கான மெல்லிய கீறல்களைச் செய்பவர் காரின் சொந்தக்காரரே. அல்லது அவர் நியமித்த டிரைவர். காலையில் எழுந்ததும் ஒரு பழைய பனியனை எடுத்து, உலர்ந்த தூசியோடு பானெட்டைத் துடைக்கிறாரே, அதுதான் காரணம்.

தூசி என்பது வெறும் மண் அல்ல. அதில் பெரும்பங்கு படிக மணல். விஞ்ஞானிகள் குவார்ட்ஸ் என்பார்கள். 1812ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் மோஸ் என்பவர் கனிமங்களின் கடினத்துக்கு ஓர் அளவுகோல் வகுத்தார். மிகவும் மிருதுவான மாக்கல்லுக்கு 1, வைரத்துக்கு 10. அந்த அளவில் குவார்ட்ஸுக்கு 7. ஜன்னல் கண்ணாடிக்கு ஐந்தரைதான். ஆக, கண்ணாடியையே கீறக்கூடிய மணலைத் துணியில் ஏந்தி, கண்ணாடியைவிட மிருதுவான பூச்சின்மேல் தேய்க்கிறோம். பிறகு கீறல் எப்படி வந்தது என்று திகைக்கிறோம்.

இந்த மணலில் கடலூருக்கு ஒரு தனிப் பெருமை இருக்கிறது. ஊருக்கு அருகே செக்கச் செவேலென்று நிற்கும் கேப்பர் மலையைப் பார்த்தவர்களுக்கு அந்தச் செம்மணல் தெரிந்திருக்கும். அந்தப் பாறை இனத்துக்கே பூகர்ப்ப சாஸ்திரிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'கடலூர் மணற்கல்' என்று இந்த ஊரின் பெயரை வைத்துவிட்டார்கள். திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்கள் இந்தப் பாறைத் தொகுதியைச் சேர்ந்தவையே. நெய்வேலியில் 1957ஆம் ஆண்டு சுரங்கம் தோண்ட ஆரம்பித்தபோது பழுப்பு நிலக்கரியின்மேல் போர்வையாக மூடிக் கிடந்ததும் இதே மணற்கல்தான். ஜெர்மனியிலிருந்து வந்த ராட்சச வாளிச் சக்கர இயந்திரங்களின் எஃகுப் பற்களை அது தேய்த்துத் தள்ளிற்று. சில இடங்களில் வெடி வைத்துத் தளர்த்திய பிறகே தோண்ட முடிந்தது. எஃகுப் பல்லைத் தேய்த்த மணலுக்கு முக்கால் தாள் கனமுள்ள பூச்சு எம்மாத்திரம்?

எவர்சில்வர் தட்டில் பாருங்கள்

கீறல் ஏன் கண்ணுக்குத் தெரிகிறது? பூச்சு சமமாக இருக்கும் இடத்தில் பட்ட வெளிச்சம் கண்ணாடியில் பட்டதுபோல் ஒரே திசையில் திரும்பிப் போகிறது. அதனால்தான் கார் பானெட்டில் வானமும் தென்னை மரமும் தெளிவாகத் தெரிகின்றன. கீறல் என்பது ஒரு சிறு பள்ளம். அதன் கரைகளில் பட்ட வெளிச்சம் தாறுமாறாகச் சிதறிப்போகிறது. சிதறியதில் கொஞ்சம் நம் கண்ணுக்கும் வந்து சேருகிறது. வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. பள்ளத்தில் வெள்ளை நிறம் எதுவும் இல்லை. கறுப்புக் காரில் கீறல் கோரமாகத் தெரிவதும் வெள்ளைக் காரில் ஒளிந்துகொள்வதும் இதனால்தான். கறுப்பில் சுற்றிலும் இருட்டு. நடுவே சிதறிய வெளிச்சம் எடுப்பாகத் தெரிகிறது. வெள்ளையிலோ சுற்றிலும் ஏற்கனவே வெளிச்சம். அதில் இது கரைந்துபோகிறது. கீறல் இரண்டிலும் ஒன்றே.

நல்ல வெயிலில் ஒரு காரின் பக்கத்தில் நின்று சூரியனின் பிம்பத்தைப் பாருங்கள். அதைச் சுற்றிச் சிலந்தி வலை போல வட்ட வட்டமாகக் கோடுகள் தெரியும். "வட்டமாகத் துடைத்ததால் வட்டக் கீறல்" என்று பலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. ஒரு பழைய எவர்சில்வர் தட்டை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். தட்டை எப்படி நகர்த்தினாலும் அந்த வட்டம் சூரிய பிம்பத்தோடு கூடவே நகரும்! கீறல்கள் உண்மையில் எல்லாத் திசைகளிலும் கிடக்கின்றன. அவற்றில், வெளிச்சத்துக்குக் குறுக்காக அமைந்தவை மட்டுமே நம் கண்ணை நோக்கி ஒளியைத் திருப்புகின்றன. அவை ஒன்று சேர்ந்து பிம்பத்தைச் சுற்றி வட்டமிட்டதுபோல் தெரிகின்றன. பாத்திரத்தில் தேங்காய் நாரும் காரில் பழைய பனியனும் செய்த வேலை ஒன்றேதான்.

பஜ்ஜிக் காகிதத்தின் ரகசியம்

இனி மாயத்துக்கு வருவோம். கார் நனைந்திருக்கும்போது கீறல்கள் பாதிக்கு மேல் காணாமல் போய்விடும். காய்ந்ததும் அத்தனையும் வந்து நிற்கும். கழுவும் எவரும் இதைப் பார்த்திருப்பார்.

பஜ்ஜி கட்டிய காகிதத்தில் எண்ணெய் ஊறிய இடம் கண்ணாடிபோல் ஆகிவிடுகிறதல்லவா? காகிதத்தின் நார்களுக்கு இடையே காற்று இருந்தவரை வெளிச்சம் சிதறி வெள்ளையாகத் தெரிந்தது. காற்றின் இடத்தை எண்ணெய் பிடித்துக்கொண்டதும் சிதறல் அடங்கிற்று. ஒளி ஒரு பொருளிலிருந்து வேறொரு பொருளுக்குப் போகும்போது எவ்வளவு வளைகிறது என்பதற்கு ஓர் எண் உண்டு. காற்றுக்கு அது 1, தண்ணீருக்கு 1.33, எண்ணெய்களுக்கு 1.45க்கு மேல், காரின் மேல்பூச்சுக்குச் சுமார் 1.5. இரண்டு பொருள்களின் எண்கள் நெருங்க நெருங்க, அவற்றுக்கு இடையே உள்ள எல்லை கண்ணுக்கு மறைகிறது. பள்ளத்தில் எண்ணெய் நிரம்பிவிட்டால், ஒளிக்கு அங்கே பள்ளம் இருப்பதே தெரியாது.

மண்ணெண்ணெயில் துணியை நனைத்து ஒரு துடைப்புத் துடைத்ததும் பழைய வண்டி பளபளக்கிற ரகசியம் இவ்வளவுதான். கடையில் புட்டியில் விற்கும் பாலிஷ்களில் ஒரு பெரும் பகுதியும் இதே வித்தையைச் சற்று நாகரிகமாகச் செய்கிறது. அவற்றில் எண்ணெய், மெழுகு, களிமண் இனத்தைச் சேர்ந்த மிருதுவான வெள்ளைத் தூள், சிலிக்கோன் என்று பல சேர்ந்திருக்கும். இவை பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. வண்டி புதுசாட்டம் ஜொலிக்கிறது. நாலைந்து முறை சோப்பு நீரில் கழுவினால் உட்கார்ந்தவை எழுந்து போய்விடும். கீறல் பழைய இடத்தில் பழையபடி இருக்கும். நமது கடைக்காரர் தண்ணீரைக் கண்டு பயந்ததன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

இதை மோசடி என்று ஒரேயடியாகச் சொல்லிவிடுவதும் நியாயமல்ல. கல்யாணத்துக்குப் போகும் காருக்கு ஒரு நாள் மினுமினுப்பு வேண்டும் என்றால் இது போதும், செலவும் குறைவு, பூச்சுக்கும் தீங்கில்லை. "போய்விடும்" என்று சொல்லி விற்கும்போதுதான் வம்பு.

உண்மையான மெருகு

அப்படியானால் கீறலை உண்மையிலேயே போக்க முடியாதா? முடியும். ஆனால் அதற்கு ஒரே வழிதான் இருக்கிறது. பள்ளத்தை மேலே கொண்டுவர முடியாது; சுற்றியுள்ள மேட்டைக் கீழே இறக்க வேண்டும். அதாவது, கீறலின் அடிமட்டம்வரை மேல்பூச்சையே தேய்த்து எடுத்துவிட வேண்டும்.

புளி போட்டுப் பித்தளைக் குத்துவிளக்கு தேய்க்கிறோமே, அது வேறு. புளியின் அமிலம் களிம்பைக் கரைக்கிறது. சாம்பல் போட்டுத் தேய்ப்பது வேறு. அது உராய்ந்து எடுக்கிறது. கார் மெருகு சாம்பல் கட்சி. பட்டறைகளில் 'ரப்பிங் காம்பவுண்டு' என்று வழங்கும் பசையில் இருப்பது மிக நுண்ணிய தூள். பெரும்பாலும் அது அலுமினிய ஆக்ஸைடு. இயற்கையில் கல்லாகக் கிடைக்கும்போது இதற்குக் குருந்தம் என்று பெயர். ஆங்கிலத்தில் 'கொரண்டம்' என்கிறார்களே, அது நம் தமிழ்ச் சொல்லிலிருந்து போனதுதான்! கத்திக்குச் சாணை பிடிப்பவர்கள் குருந்தத் தூளை அரக்கோடு சேர்த்துச் சக்கரம் செய்து சுழற்றிய நாடு இது. மோஸ் அளவில் குருந்தத்துக்கு 9. மாணிக்கக் கல்லும் இதே இனம். ஆக, காருக்கு மெருகு போடுகிறவர் ஒரு வகையில் மாணிக்கப் பொடியைத்தான் தேய்க்கிறார். கூலி மட்டும் அதற்கேற்ப இல்லை.

தேய்த்தால் கீறல் விழாதா என்று கேட்கலாம். விழும். 1704இல் வெளிவந்த தமது ஒளியியல் நூலில் சர் ஐஸக் நியூட்டன் இதைத் தெளிவாக விளக்கியிருக்கிறார். தூரதர்சனிக் கண்ணாடிகளைத் தம் கையாலேயே மெருகேற்றியவர் அவர். மெருகிடுவதால் கீறல் ஒழிந்துவிடுவதில்லை. பெரிய கீறல்கள் போய், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய கீறல்கள் வருகின்றன என்பது அவர் கருத்து. தேய்க்கும்போது மேற்பரப்பு திரவம்போல் வழிந்து பள்ளத்தை மூடுகிறது என்று 1921இல் பெயில்பி என்ற விஞ்ஞானி வேறொரு கொள்கையைக் கூறினார். அது நெடுநாள் செல்வாக்கோடு இருந்தது. பிற்காலத்து நுண்ணோக்கிச் சோதனைகளில் பெரும்பாலும் நியூட்டன் கட்சியே வென்றது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலை நீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான். கீறல் அதைவிட மிகவும் சிறுத்துவிட்டால் கண் அதைச் சமதளம் என்றே ஏற்றுக்கொள்கிறது.

ஆகவே கைதேர்ந்தவர் முதலில் சற்று முரட்டுத் தூள், பிறகு நடுத்தரம், கடைசியில் மாவு போன்ற நயமான தூள் என்று படிப்படியாகப் போவார். ஒவ்வொன்றும் முன்னது போட்ட கீறலை எடுத்து, தன் பங்குக்குச் சிறிய கீறலைப் போடும். முதல் படியோடு நிறுத்திவிட்டு அதன்மேல் மெழுகைத் தடவி அனுப்புகிற கடைகளும் இருக்கின்றன. அந்த வண்டியைத்தான் ஒரு மாதம் கழித்து வெயிலில் பார்த்தால் சுழல் சுழலாக நிழலாடும்.

பல் பசையால் தேய்த்தால் கீறல் போகுமா என்று கேட்பவர்கள் உண்டு. பல் பசையிலும் சுண்ணாம்புத் தூளோ சிலிக்காத் தூளோ இருக்கிறது. மிக மெல்லிய மங்கலை அது எடுக்கும். ஒரு கதவுக் கைப்பிடியின் கீழே விழுந்த நகக் கீறலுக்கு முயன்று பார்க்கலாம். கார் முழுவதற்கும் என்றால் பல் துலக்கப் பசை மிஞ்சாது.

சேமிப்புப் பணம்

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஒவ்வொரு தடவை உண்மையான பாலிஷ் போடும்போதும் மேல்பூச்சு சில மைக்ரான் தேய்கிறது. இருப்பதே நாற்பது, ஐம்பது. வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் மருந்து கலந்திருப்பதும் அந்தப் பூச்சில்தான். ஆகவே விஷயம் தெரிந்தவர்கள் ஒரு காரின் ஆயுளில் மொத்தம் பத்து மைக்ரானுக்கு மேல் எடுக்கத் தயங்குவார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை 'பப்பிங்' மிஷின் பிடித்துப் பளபளப்பாக்கிய காரின் கூரையில், சில ஆண்டுகளில் பாம்புச் சட்டை உரிவதுபோல் பூச்சு உரிந்து தொங்குவதை நீங்கள் பார்த்திருக்கலாம். அப்புறம் மறு வர்ணம்தான் கதி. கீறலை மறைக்கும் பாலிஷ் பொய் சொல்கிறது. கீறலைப் போக்கும் பாலிஷ் முதலைத் தின்கிறது. இரண்டில் எதற்குச் சம்மதம் என்று சொந்தக்காரரைக் கேட்காமலே வேலை நடந்துவிடுகிறது.

பெரியவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். "எங்கள் காலத்தில் வாரா வாரம் பாலிஷ் போட்டோமே!" என்பார்கள். அவர்கள் சொல்வதும் மெய்தான். ஆனால் அது வேறு வர்ணம். முதல் மோட்டார் கார்களுக்குக் கோச்சு வண்டிக்குப் பூசுவதுபோல் எண்ணெய் வார்னிஷ் பூசினார்கள். ஒவ்வொரு பூச்சும் உலர்ந்து முடிய வாரக் கணக்காகும். அமெரிக்காவில் 1924ஆம் ஆண்டு மாடல் ஓக்லண்டு கார்களில் 'டூகோ' என்ற புதிய வர்ணம் வந்தது. பஞ்சை அமிலத்தில் ஊறவைத்துச் செய்யும் நைட்ரோ செல்லுலோஸ் அதற்கு மூலப் பொருள். வெடி மருந்துக்கும் பழைய சினிமாப் படச் சுருளுக்கும் அதுவே ஆதாரம். வாரங்களில் உலர்ந்தது மணிக் கணக்கில் உலர்ந்தது. ஆனால் பூசியவுடன் மங்கலாக இருக்கும். தேய்த்து மெருகேற்றினால்தான் பளபளப்பு. இன்றும் நம் பட்டறைகளில் 'டூகோ பெயிண்டு' என்ற பெயர் மறையவில்லை.

2014இல் உற்பத்தி நின்றுபோன அம்பாஸடர் காரை நெடுநாள் வைத்திருந்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். பாலிஷ் போட்டால் துணியில் காரின் வர்ணமே ஒட்டிக்கொண்டு வரும். பழைய வர்ணத்தின் மேல்தோல் வெயிலில் வெந்து மாவாகிவிடும். அந்தச் செத்த தோலை எடுத்தால் கீழே உயிருள்ள வர்ணம் தெரியும். வர்ணம் கனமாகவும் இருந்தது, தேய்க்க இடமிருந்தது. நிறமற்ற மேல்பூச்சு உலகமெங்கும் பரவியது 1980களுக்குப் பிறகே. இன்றைய காரில் துணியில் நிறம் ஒட்டினால் அது மெருகு அல்ல. மேல்பூச்சு போய்விட்டது என்று அர்த்தம்.

பிரேஸிலிலிருந்து வந்த இருவர்

மெழுகைப் பற்றிச் சொல்லாவிட்டால் கட்டுரை பூர்த்தியாகாது. கார் மெழுகுகளில் உயர்ந்ததாகச் சொல்லப்படுவது 'கர்னாபா'. பிரேஸில் நாட்டின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை, தன் ஈரம் வெயிலில் வற்றாமலிருக்க ஓலைமேல் மெழுகு பூசிக்கொள்கிறது. ஓலையைக் காயவைத்துத் தட்டி அந்த மெழுகை எடுக்கிறார்கள். தேன் மெழுகு 62, 64 டிகிரி சென்டிகிரேடில் உருகிவிடும். கர்னாபாவுக்கு 80க்கு மேல் வேண்டும். சித்திரை வெயிலில் கையை வைக்க முடியாத பானெட்டின்மேல் தேன் மெழுகு இளகி ஒட்டும், இது நிற்கும்.

அதே வடகிழக்குப் பிரேஸிலிலிருந்து வந்த இன்னொரு விருந்தாளிதான் நம் பண்ருட்டி முந்திரி. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. அதன் பருப்பைத் தின்றுவிடுகிறோம். ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய் வார்னிஷ், வர்ணம் ஆகியவற்றுக்கும், மோட்டார் வண்டிகளின் பிரேக் லைனிங்குக்கும் பயன்படுகிறது. பனை காருக்கு மேலே பளபளக்கிறது; முந்திரி அடியில் நின்று காரை நிறுத்துகிறது!

மெழுகு கீறலைப் போக்காது. மெல்லிய கோடுகளை மூடும். நீரை முத்து முத்தாக உருட்டிவிடும். உப்பும் எச்சமும் நேரே பூச்சில் படாமல் காக்கும். நம் வெயிலில் சில வாரங்கள், மிஞ்சினால் இரண்டு மாதம் இருக்கும்.

இப்போது மெழுகின் இடத்தைப் 'பீங்கான் பூச்சு' பிடித்துவருகிறது. விளம்பரங்களில் '9எச் கடினம்' என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். வைரத்துக்கு 10 என்றால் 9 எவ்வளவு கெட்டி என்று வாங்குபவர் மயங்கிவிடுகிறார். இந்த 9 மோஸ் அளவு அல்ல. இது பென்சில் அளவு! எச், எச்பி, பி என்று பென்சிலில் போட்டிருக்குமே, அதில் மிகக் கடினமான 9எச் பென்சிலால் குறிப்பிட்ட விசையில் இழுத்தால் கோடு விழவில்லை என்பதே அதன் பொருள். பென்சிலுக்கு விழாத கோடு கேப்பர் மலை மணலுக்கு விழும். அந்தப் பூச்சினால் நன்மை உண்டு. அழுக்கு எளிதில் கழன்றுவிடும், ஓரிரு ஆண்டுகள் உழைக்கும். ஆனால் கீறலே விழாது என்று நம்பி ஐந்திலக்கத் தொகை கொடுப்பவர்கள் ஏமாறுவார்கள்.

கீறலுக்கு உண்மையான கவசம் வேண்டுமானால் காரின்மேல் ஒட்டும் ஒளிபுகும் படலம் இருக்கிறது. ஹெலிகாப்டர் விசிறி இறக்கைகளை மணல் அரிக்காமல் காக்கப் பயன்பட்ட படலத்தின் வாரிசு அது. சுமார் 150 முதல் 200 மைக்ரான் கனம். காரின் வர்ணத்தைவிடத் தடிப்பு. விலையும் அப்படியே. தானாகவே ஆறிவிடும் மேல்பூச்சு ஒன்றை ஜப்பானில் நிஸ்ஸான் கம்பெனி 2005இல் அறிவித்தது. மெல்லிய கீறல்கள் ஒரு நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் மூடிக்கொள்ளும் என்றார்கள். ஆழமாகக் கீறினால் அதனாலும் முடியாது.

பழைய கார் வாங்குகிறீர்களா?

நிழலில் நிறுத்திக் காட்டும் காரை வாங்காதீர்கள். பாலிஷ் போட்டு இரண்டு நாள் ஆன கார், பந்தலுக்குக் கீழே மணப்பெண் மாதிரி நிற்கும். வெயிலில் கொண்டுவரச் சொல்லுங்கள். அல்லது கைப் பேசியின் டார்ச் விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். விற்பவர் சம்மதித்தால் ஒரு மூலையைச் சோப்பு நீரால் நன்றாகக் கழுவித் துடைத்து, ஸ்பிரிட் தோய்ந்த துணியால் இலேசாக ஒற்றி எடுக்கலாம். பள்ளத்தில் ஒளிந்திருக்கும் எண்ணெய் அதில் வந்துவிடும்; கோடுகள் எழுந்து நிற்கும். சம்மதிக்கவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

வர்ணத்தின் கனத்தைக் காட்டும் கருவி இப்போது கையடக்கமாகக் கிடைக்கிறது. மற்ற இடங்களில் 120 காட்டிவிட்டு ஒரு கதவில் மட்டும் 300 காட்டினால் அந்தக் கதவுக்கு மறு வர்ணம் அடித்திருக்கிறது. ஆயிரத்தைத் தாண்டினால் உள்ளே பட்டி பார்த்திருக்கிறார்கள். கார் எங்கேயோ மோதியிருக்கிறது. கருவி இல்லாதவர்கள் ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி ஒட்டிப் பார்ப்பார்கள். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் காந்தம் நழுவும்.

நகம் மாட்டினால்

சொந்தக் காரில் கீறல் விழுந்தால் முதல் சோதனை செலவில்லாதது. விரல் நகத்தைக் கீறலுக்குக் குறுக்காக மெல்ல இழுத்துப் பாருங்கள். நகம் தடையின்றிப் போனால் அநேகமாகக் கீறல் மேல்பூச்சோடு நிற்கிறது; மெருகினால் போக்கலாம். நகம் மாட்டினால் பாலிஷுக்கு அங்கே வேலையில்லை. கீறலின் அடியில் வேறு நிறம் தெரிந்தால் பிரைமர்வரை போயிருக்கிறது. உலோகம் மின்னினால் இரும்பே வெளியே வந்துவிட்டது.

மதுரையிலோ கோயமுத்தூரிலோ இதை ஒரு மாதம் தள்ளிப் போடலாம். தேவனாம்பட்டினத்துக் காற்று அடிக்கும் இடத்தில் தள்ளிப்போடக் கூடாது. கடல் காற்றிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்துக் கீறலுக்குள் வைத்துக்கொள்ளும். இரும்பும் உப்பும் ஈரமும் கூடிவிட்டால் துரு தாமதிப்பதில்லை. இன்றைய கார்கள் பலவற்றில் தகட்டின்மேல் துத்தநாகம் பூசியிருப்பதால் சற்று அவகாசம் கிடைக்கும், அவ்வளவுதான். இந்த நிலையில் போய்ப் பாலிஷ் தடவிக் கீறலை மறைத்தால், கண்ணுக்குத் தெரியாமலே துரு வர்ணத்தின் அடியில் பக்கவாட்டில் பரவும். ஒரு நாள் கொப்புளம் எழும். கொப்புளத்தைக் குத்தினால் தகட்டில் ஓட்டை இருக்கும்.

ஆழமான கீறலைச் சுத்தமாகக் கழுவி, துரு இருந்தால் நயமான உப்புத்தாளால் எடுத்து, பிரைமர் வைத்து, பிறகு அதே நிறத்தில் 'டச்சப்' செய்ய வேண்டும். காரின் நிறத்துக்குரிய குறி எண் சாதாரணமாகக் கதவின் தூணில் ஒரு சீட்டில் அச்சிட்டிருக்கும். நிறம் முற்றிலும் ஒத்துப்போகாமல் ஒரு புள்ளி போலத் தெரியலாம். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்; துருவைவிடப் புள்ளி அழகு.

பெயிண்டரிடம் கொடுக்கும்போது ஒன்றை மறைக்காதீர்கள்: முன்பு சிலிக்கோன் கலந்த பாலிஷ் போட்டிருக்கிறீர்களா என்பதை. தாமரை இலைமேல் தண்ணீர்போலச் சிலிக்கோன்மேல் புது வர்ணம் ஒட்டாமல் ஒதுங்கும்; மீன் கண் மாதிரி சிறு சிறு குழிகள் விழும். தெரிந்திருந்தால் அவர் அதற்குரிய திரவத்தால் முதலிலேயே நன்றாகத் துடைத்துவிடுவார். தெரியாவிட்டால் அடித்த வர்ணத்தை முழுவதும் தேய்த்து எடுத்து மறுபடி அடிக்க வேண்டும். அந்தக் கூலியும் உங்கள் கணக்கில்தான் சேரும்.

அன்றாடக் கவனிப்புக்கு வித்தை ஒன்றுமில்லை. முதலில் தண்ணீரை ஊற்றி மணலை ஓடவிடுங்கள், கையே வைக்காதீர்கள். பிறகு கார் ஷாம்புவும், மிருதுவான துணியும், இரண்டு வாளியும்: ஒன்றில் சோப்பு நீர், மற்றதில் துணியை அலசச் சுத்த நீர். ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாக இருந்தால் வெயிலில் தானாகக் காயவிடாமல் உடனே துடையுங்கள். இல்லாவிட்டால் வெள்ளைப் புள்ளிகள் படிந்துவிடும். காக்கை எச்சத்தைச் சுரண்டாதீர்கள். ஈரத் துணியை ஐந்து நிமிஷம் அதன்மேல் போட்டு ஊறவைத்து ஒற்றி எடுங்கள். காலையில் பஸ் நிலையத்தருகே டாக்ஸிகளின் மேல் உலர்ந்த துணி போட்டு 'டப் டப்' என்று தட்டித் துடைக்கும் சத்தம் கேட்கிறதே, அந்தத் துணியை நனைத்துக்கொண்டாலே பாலிஷ் கடைக்குப் போகும் செலவில் பாதி மிச்சமாகும்.